மணமுறிவுக்கு ஆகும் செலவு: பினாங்கில் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு

இந்த ஆய்வில் வரும் குடும்பம் குறிப்பிட்ட எந்த ஒரு குடும்பமும் அன்று. மலேசியாவின் பினாங்கில் மணமுறிவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் நிலைமைகளைக் கோத்து அமைத்த மாதிரி இது. சம்பளம், வீட்டு விலை, வழக்கறிஞர் கட்டணம் முதலிய தொகைகள் அந்த மாதிரிக்கு உரியவை. சட்டப் பிரிவுகளும் வரி விகிதங்களும் மட்டும் நடைமுறையில் உள்ளவை. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணம், விவாகரத்துச் சட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வரும் விவகாரங்களையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் செல்ல வேண்டிய இடம் சியாரியா நீதிமன்றம். அதன் நடைமுறையும் செலவும் வேறு.

குடும்பமும் சொத்தும்

தம்பதியர் 2010-இல் தேசியப் பதிவுத் துறையில் திருமணத்தைப் பதிவு செய்து, பிறகு கோவிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தொழில்நுட்பர். மாதச் சம்பளம் 5,200 ரிங்கிட். மனைவி ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்கில் எழுத்தர். சம்பளம் 2,900 ரிங்கிட். மூத்த பிள்ளை 2011-இலும் இளைய பிள்ளை 2016-இலும் பிறந்தனர். சுங்கை ஆராவில் 2013-இல் 320,000 ரிங்கிட்டுக்கு இருவர் பெயரிலும் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் மதிப்பு, பிரிவின்போது 410,000 ரிங்கிட். வங்கிக் கடனில் 235,000 ரிங்கிட் பாக்கி. ஆக, பங்கிடத்தக்க நிகர மதிப்பு 175,000 ரிங்கிட். ஊழியர் சேமநிதியில் கணவருக்கு 140,000 ரிங்கிட்டும் மனைவிக்கு 48,000 ரிங்கிட்டும் இருந்தன. இவை போக மனைவியின் நகை, கணவர் தம் தங்கையின் திருமணத்துக்காக வாங்கிய 22,000 ரிங்கிட் தனிநபர் கடன்.

2022 பிப்ரவரியில் கணவர் வீட்டை விட்டு வெளியேறி, மாதம் 650 ரிங்கிட் வாடகையில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். வேறொரு பெண்ணுடன் அவருக்குத் தொடர்பு இருப்பதாக மனைவி நம்பினார். மனைவியின் குடும்பத்தில் மூத்த அண்ணனின் சொல்லே முடிவாக நின்றது: “சும்மா விட்டுக் கொடுத்துடாதே தங்கச்சி, அவன் செஞ்சது கோர்ட்டுல பதிவாகணும்.” மொத்தச் செலவில் பெரும்பகுதிக்கு இந்த ஒரு வாக்கியமே வழி திறந்தது என்பது கணக்கைப் பார்க்கும்போது தெரியவரும்.

இரண்டு வழிகள்

சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்த தம்பதியர், இருவரும் மனமொத்து, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய ஏற்பாடுகளை எழுதிக்கொண்டு, 52-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் கூட்டு மனு செய்யலாம்; யார் குற்றம் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. மற்றது ஒருவர் மட்டும் செய்யும் மனு. அதில், திருமணம் சீர்செய்ய இயலாதபடி முறிந்துவிட்டது என்பதை 54-ஆம் பிரிவு கூறும் சூழ்நிலைகளில் ஒன்றைக் கொண்டு நிறுவ வேண்டும்: பிறர் உறவு, இணைந்து வாழ முடியாத நடத்தை, இரண்டு ஆண்டு கைவிடல், இரண்டு ஆண்டு பிரிந்து வாழ்தல். ஒருவர் மனுவுக்கு முன்பாக, சட்டம் விலக்களிக்கும் சில நிலைகள் தவிர, 106-ஆம் பிரிவின்படி பதிவுத் துறையின் திருமணச் சமரசக் குழுவிடம் செல்ல வேண்டும்.

இந்தச் சமரசக் குழுவைப் பற்றி மக்கள் அறியாத ஒன்று உண்டு. அங்கே தம்பதியருக்காக வழக்கறிஞர் வாதாட இடமில்லை. குழுவின் அனுமதி இன்றி, குடும்ப உறுப்பினர் அல்லாத எவரும் ஒரு தரப்பின் சார்பில் பேச முடியாது. அதாவது, இருவரும் நேரே அமர்ந்து பேசக்கூடிய, வழக்கறிஞர் கட்டணமே இல்லாத ஒரு மேசை சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. சேர்த்து வைப்பதுதான் குழுவின் நோக்கம். ஆனால் சேர்ந்து வாழ முடியாது என்று தெளிந்தவர்கள்கூட எதில் உடன்படுகிறோம், எதில் இல்லை என்பதை அங்கே முதல்முறையாகக் கேட்டுக்கொள்ளலாம். நம் நிகழ்வில் கணவர் இரண்டு முறை அழைக்கப்பட்டும் போகவில்லை. வேண்டுமென்றே வராதவரின் வாழ்க்கைத்துணை மனுவுடன் மேலே செல்லச் சட்டம் அனுமதிப்பதால், மனைவி பிறர் உறவைக் காரணமாகக் காட்டி, லெபோ லைட்டில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மனு செய்தார். கணவருடன் தொடர்புடையவராகக் கருதிய பெண்ணையும் அதில் தரப்பாகச் சேர்த்தார்.

எங்கே எவ்வளவு போயிற்று

மனைவி செலவழித்தவை: தனியார் துப்பறிவாளருக்கு 6,000 ரிங்கிட், மனுவுக்கு வழக்கறிஞரின் தொடக்கக் கட்டணம் 8,000, இடைக்காலப் பராமரிப்பு, பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவற்றுக்கான விண்ணப்பத்துக்கு 3,500, கணவரின் வங்கி, சேமநிதி ஆவணங்களைக் கேட்டுப் பெற 2,000, குற்றச்சாட்டைக் கைவிட்டபோது அந்தப் பெண்ணின் வழக்குச் செலவுக்காக 2,000, இருவரும் உடன்பட்டதை நீதிமன்ற ஆணையாக்கும் இறுதி இணக்க ஆணையை எழுதப் பாதிப் பங்கு 1,500. மொத்தம் 23,000 ரிங்கிட். கணவர் தரப்பில் எதிர்வாதத்துக்கு 7,500, இடைக்கால விண்ணப்பத்தை எதிர்க்க 3,500, ஆவண விவகாரத்துக்கு 2,000, இணக்க ஆணைக்கு 1,500. ஆக 14,500 ரிங்கிட். இருவருக்கும் சேர்த்து 37,500. கணவர் பதினாறு மாதம் கொடுத்த அறை வாடகை 10,400 ரிங்கிட் எந்த வழக்கறிஞரின் பில்லிலும் இல்லை. ஆனால் அதுவும் அதே குடும்பத்தின் பணம். நீதிமன்றத்துக்கென்று கட்டிய தாக்கல் கட்டணங்கள் இவற்றின் முன் பொருட்படுத்தத் தக்கவை அல்ல.

இதே தம்பதியர் தொடக்கத்திலேயே கூட்டு மனு செய்திருந்தால், ஒரே வழக்கறிஞரிடம் சில ஆயிரம் ரிங்கிட்டில் முடிந்திருக்கும். அந்த ஒப்பீடு எளிது. ஆனால் அது முழு உண்மை அன்று. மனமொத்தால்தானே கூட்டு மனு? ஆகவே செலவினங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதனால் என்ன கிடைத்தது என்று கேட்பதே பொருத்தம்.

வீட்டிலிருந்து தொடங்குவோம். கணவர் கடிதத்தில் முதலில் தருவதாகச் சொன்னது நிகர மதிப்பில் 45 விழுக்காடு. மனைவி கேட்டது 60 விழுக்காடு. இடைவெளி 15 விழுக்காடு, அதாவது 26,250 ரிங்கிட். இருவரும் சேர்ந்து வழக்கறிஞர்களுக்கும் துப்பறிவாளருக்கும் கொட்டிய தொகை அந்த இடைவெளியை விடப் பெரியது. இறுதியில் 53 விழுக்காட்டுக்கு உடன்பட்டார்கள்; மனைவிக்கு 92,750 ரிங்கிட். கணவரின் முதல் கடிதத்தையே ஏற்றிருந்தால் 78,750 கிடைத்திருக்கும். கூடுதலாகக் கிடைத்த 14,000 ரிங்கிட்டுக்கு அவர் செலவழித்தது 23,000.

இப்படிச் சொன்னால் எல்லாச் செலவும் வீண் என்று தோன்றும்; அது தவறு. இடைக்கால விண்ணப்பத்துக்கு அவர் கொடுத்த 3,500 ரிங்கிட், பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரிங்கிட் என்ற ஆணையைப் பதினொரு மாதங்களுக்குப் பெற்றுத் தந்தது. வீட்டுக் கடனையும் சொந்த வாடகையையும் கட்டிவிட்டுக் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லி வந்த கணவரிடமிருந்து அந்தத் தொகை வேறு எந்த வழியிலும் வந்திருக்காது. ஆவணங்களைப் பெறக் கொடுத்த 2,000 ரிங்கிட்டும் அப்படியே: அதன் பிறகுதான் கணவரின் சேமநிதி இருப்பு 140,000 என்று தெரிந்தது. திருமண காலத்தில் சேர்ந்த சேமநிதியைத் திருமணச் சொத்தாக நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பணத்தை நேரே ஜப்தி செய்யச் சேமநிதிச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால், வீட்டின் பங்கைச் சற்றுக் கூட்டிக் கொடுத்துச் சேமநிதியை அவரவரிடமே விட்டுவிடுவது நடைமுறையில் வசதியானது. 53 விழுக்காடு என்ற எண் பிறந்தது அப்படித்தான். ஆவணங்கள் இல்லாமல் அந்தப் பேரமே நடந்திருக்காது.

உண்மையில் வீணானது குற்றச்சாட்டு. துப்பறிவாளர், அந்தப் பெண்ணின் வழக்குச் செலவு என்று நேரடியாக 8,000 ரிங்கிட். குற்றச்சாட்டை நிறுவவும் மறுக்கவும் இரு தரப்பும் எழுதிய பிரமாணப் பத்திரங்கள் தொடக்கக் கட்டணங்களை உயர்த்தியது தனி. இத்தனைக்கும் சொத்தைப் பங்கிடும் 76-ஆம் பிரிவு, யார் துரோகம் செய்தார் என்பதை அளவுகோல்களில் ஒன்றாகச் சொல்லவில்லை. 2018 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவு பார்ப்பவை பண, பொருள், உழைப்புப் பங்களிப்பு, வீட்டையும் குடும்பத்தையும் பராமரித்த பங்களிப்பு, கூட்டு நலனுக்காகப் பட்ட கடன், பிள்ளைகளின் தேவை, திருமணத்தின் காலம் போன்றவை. முறிவுக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பது மனைவிக்கான பராமரிப்பை முடிவு செய்கையில் கவனிக்கப்படும் ஒன்று. ஆனால் நம் மனைவி தமக்கென்று கேட்ட பராமரிப்பை இணக்கத்தின்போது தாமே கைவிட்டார். கோர்ட்டில் பதிவாக வேண்டும் என்று அண்ணன் சொன்னது கடைசியில் எந்த ஆணையிலும் பதிவாகவில்லை. மனத்தாங்கலுக்கு மருந்தாக வழக்கைப் பயன்படுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். சிலருக்கு அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால் அதன் விலையை முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

தங்கையின் திருமணக் கடன் விரைவாகத் தீர்ந்தது. கூட்டு நலனுக்காகப் பட்ட கடனே கணக்கில் வரும் என்று வழக்கறிஞர் விளக்கியதும் கணவர் அதைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டார். நகை விவகாரம் வழக்கறிஞரிடம் போகவே இல்லை. கணவரின் அத்தை ஒருநாள் மாலை மருமகளை அழைத்து, “நகைக்கு எதுக்கும்மா லாயரு? கல்யாண ஆல்பத்தை எடுத்துட்டு வா, பார்த்துக்கலாம்” என்று சொல்லி, படங்களைப் பார்த்து யார் வீட்டில் போட்டது எது என்று எழுதி, மறுநாள் லிட்டில் இந்தியாவில் தெரிந்த பத்தர் கடையில் நிறுத்துப் பிரித்துக் கொடுத்துவிட்டார். வழக்கு முழுவதிலும் இரு தரப்பும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே பங்கீடு அதுதான் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

சமரசமும் வீடும்

வழக்கு ஏறத்தாழ ஓராண்டை எட்டும் வேளையில், நீதிமன்றத்துடன் இணைந்த சமரச முறைக்கு இருவரும் அனுப்பப்பட்டனர். இந்த முறையில் வழக்கை விசாரிக்காத வேறொரு நீதிபதி நடுவராக அமர்வார். அதற்குக் கட்டணம் இல்லை. இரண்டாம் அமர்வில் இணக்கம் ஏற்பட்டது. இலவசமாகக் கிடைத்த அந்த மேசைக்கு முன்பே வந்திருக்கலாமே என்று எளிதாகக் கேட்கலாம். ஆனால் ஆவணங்கள் வெளிவராத நிலையில் வந்திருந்தால் மனைவி இருட்டில் பேரம் பேசியிருப்பார். ஆவணங்களைப் பரிமாறிக்கொண்ட மறுவாரமே சமரசத்துக்கு வருவதுதான் சரியான காலம். ஆவணங்கள் வந்த பிறகும் நான்கு மாதம் குற்றச்சாட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தது தவிர்த்திருக்கக்கூடிய செலவு.

வீட்டை விற்பதா, ஒருவர் வைத்துக்கொள்வதா என்பதில் கணக்குப் போட்டுப் பார்த்ததும் நல்லதாயிற்று. விற்றால் சொத்து முகவருக்கு அதிக அளவான 3 விழுக்காடு, 12,300 ரிங்கிட். விற்பவர் தரப்பு வழக்கறிஞருக்கு 2023-ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி 1.25 விழுக்காடு, 5,125 ரிங்கிட், ஆக 17,425. கணவர் வைத்துக்கொண்டால், பழைய பாக்கியும் மனைவியின் பங்கும் சேர்த்து 327,750 ரிங்கிட்டுக்குப் புதிய கடன் வேண்டும். அதற்கு முத்திரை வரி 0.5 விழுக்காடு, ஏறத்தாழ 1,640. வழக்கறிஞர் கட்டணம் ஏறத்தாழ 4,100. மனைவியின் பாதி உரிமையை மாற்ற 205,000 ரிங்கிட் மதிப்பில் முத்திரை வரி 3,100, வழக்கறிஞர் கட்டணம் ஏறத்தாழ 2,560. மொத்தம் 11,400. கணவர் வைத்துக்கொள்வதில் 6,000 ரிங்கிட் மிச்சம். ஆனால் பலர் நினைப்பதுபோல் விற்காவிட்டால் செலவே இல்லை என்பதும் இல்லை. தம்பதியராக இருக்கும்போது கைமாறு எதுவும் இன்றி அன்பின் பேரில் செய்யும் உரிமை மாற்றத்துக்கு முத்திரை வரி விலக்கு உண்டு. இங்கே பணம் கைமாறியதால் அந்த விலக்கை நம்பிக் கணக்குப் போடவில்லை. இணக்கப் பத்திரத்தை எழுதும் முன்பே இதைக் கேட்டுத் தெளிய வேண்டும். சொத்து ஆதாய வரி குறித்த அச்சம் மட்டும் தேவையற்றது: குடிமக்கள் வாங்கிய ஆறாம் ஆண்டிலிருந்து அந்த வரி 2022 முதல் இல்லை.

டிகிரி நிசி எனப்படும் முதற்கட்ட விவாகரத்து ஆணை வந்து, சட்டம் கூறும் மூன்று மாதம் கழிந்து, 2023 இறுதிக்குள் ஆணை முழுமை பெற்றது. அந்தக் காத்திருப்பைக் குறைக்க நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றாலும், மறுமணம் போன்ற அவசரம் எதுவும் இல்லாதபோது அதற்கென்று தனி விண்ணப்பம் போடுவது தேவையில்லாத செலவு.

வழக்கறிஞர் கட்டணத்தை எப்படிக் கேட்பது

வீட்டு ஆவணங்களுக்கு இருப்பதுபோல் விவாகரத்து வழக்குக்குச் சட்டம் வகுத்த கட்டண அட்டவணை இல்லை. ஆகவே பேசி முடிவு செய்வதுதான். வென்றால் மட்டும் கட்டணம் என்ற உடன்பாட்டை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டம் தடுக்கிறது. அப்படி யாராவது சொன்னால் விலகிவிடலாம். வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது “எவ்வளவு?” என்பது மட்டும் அன்று, அந்தத் தொகை எந்தக் கட்டம் வரைக்கும், இடைக்கால விண்ணப்பம் வந்தால் தனியா, விசாரணை நாள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, சேவை வரி உட்பட்டதா என்பதும் எழுத்தில் வேண்டும். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடு. 20,000 ரிங்கிட் கட்டணத்தில் அது 1,600. பில் நியாயமற்றது என்று தோன்றினால், அதை நீதிமன்றம் மதிப்பிட வேண்டும் என்று கோரும் உரிமையும் கட்சிக்காரருக்கு உண்டு.

சம்பளம் 2,900 ரிங்கிட் பெறும் மனைவி, சட்ட உதவித் துறையில் விண்ணப்பித்துப் பார்க்கவே இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் முஸ்லிம் அல்லாதோரின் விவாகரத்தும் அந்தத் துறையின் வரம்பில் உள்ளது. வருமானத்தையும் சொத்தையும் கணக்கிட்டுத் தகுதியைத் தீர்மானிப்பார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உண்டு. தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் பெயரைக் கேள்விப்பட்டு அங்கே செல்பவர்கள் உண்டு. அதன் முதன்மையான பணி குற்ற வழக்குகள் என்பதால் ஒரு நாள் விடுப்புத்தான் வீணாகும்.

கூட்டு மனுவில் ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் எழுதித் தருவது வழக்கம். அது சிக்கனமே, ஆனால் சம்பளத்திலும் விவரம் அறிவதிலும் இருவரும் ஏற்றத்தாழ்வாக இருந்தால், குறைந்தவர் கையெழுத்திடும் முன்பு வேறொரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குச் சில நூறு ரிங்கிட் செலவழிப்பதை நான் சிக்கனத்தின் ஒரு பகுதியாகவே கருதுவேன். அடி உதை இருக்கும் வீட்டில் இந்த ஆய்வின் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணை. போலீஸ், சமூகநலத் துறை வழியாக அதைத் தொடங்க வழக்கறிஞர் தேவையில்லை. பினாங்கில் 1985 முதல் இயங்கும் டபிள்யூ.சி.சி. எனப்படும் பெண்கள் மையம் அத்தகையோருக்கு இலவச ஆலோசனை தருகிறது.

சிக்கனம் கடனாகிய இடம்

இணக்க ஆணையை எழுதும்போது இருவரும் களைத்திருந்தார்கள். எவ்வளவு சுருக்கமாக எழுதினாலும் போதும் என்ற நிலை. பிள்ளைகளுக்கு மாதம் 1,200 ரிங்கிட், “கல்விச் செலவை இருவரும் பகிர்ந்துகொள்வர்” என்று முடித்துவிட்டார்கள். 2024-இல் மூத்த பிள்ளை இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குச் சென்றபோது டியூஷன், பேருந்து, மடிக்கணினி ஆகியவற்றில் எது கல்விச் செலவு, யாருக்கு எத்தனை பங்கு என்ற சண்டை மீண்டும் தொடங்கியது. வழக்கறிஞர் கடிதங்களுக்கு 1,800 ரிங்கிட்டும், 96-ஆம் பிரிவின் கீழ் ஆணையைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்துக்கு 4,000 ரிங்கிட்டும் மேலும் போயின. திருத்திய ஆணையில் இருப்பவை சில வரிகளே: கல்விச் செலவு கணவருக்கு 65, மனைவிக்கு 35 விழுக்காடு; ரசீது அனுப்பிய பதினான்கு நாளில் கட்ட வேண்டும்; 500 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல்; மாதத் தொகை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயரும்; மேற்கல்வி முடியும்வரை பராமரிப்பு தொடரும். கடைசி விதி 2018-இல் வந்த திருத்தத்தின் பயன். அதற்கு முன்பு பதினெட்டு வயதே பொதுவான எல்லையாக இருந்தது. தொகை வராமல் நின்றால் சம்பளத்திலிருந்தே பிடித்துத் தரும் ஆணையை, பராமரிப்புத் தொகையை வசூலிப்பதற்கான 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி பெறலாம். கணவர் தொழிற்சாலையில் மாதச் சம்பளக்காரர் என்பதால் அது நடைமுறையில் பலிக்கக்கூடியது. சொந்தத் தொழில் செய்பவராக இருந்தால் அவ்வளவு எளிதன்று.

மணமுறிவு ஆனவுடன் உயிலும், இறந்தபின் சேமநிதி யாருக்குச் சேரும் என்று குறிக்கும் நியமனமும் தாமாக மாறிவிடும் என்று இருவரும் எண்ணியிருந்தனர். அப்படி மாறுவதில்லை. 2024-இன் நடுவிலும் இருவரின் சேமநிதிக்கும் முன்னாள் துணையே நியமனதாரர். மனைவி கிளினிக்கின் மதிய இடைவேளையில் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றிவிட்டார். அந்த மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை. கணவர் இன்னும் மாற்றவில்லை.